புதிய வண்ண மீனுக்குத் தனித் தொட்டி

பொன்மீன், மோலி வளர்ப்போர் சந்தையில் வாங்கிய தாய்மீன்களை நேரே பழைய தொட்டியில் விடக்கூடாது. வெண்புள்ளி நோய்க் கிருமி முதலில் கண்ணுக்குத் தெரியாது. பின்னர் பரவி, இருக்கும் மீன்களையும் மாய்த்துவிடும்.

இதற்கு 50 லிட்டர் தொட்டி ஒன்று போதும். மணல் வேண்டாம், மீன் ஒளிய பி.வி.சி. குழாய்த் துண்டு போடவும். ஸ்பாஞ்ச் வடிகட்டியை 4 வாரம் முன்பே, நோயற்ற பழைய தொட்டியில் ஓடவிடவும். கழிவின் நஞ்சை மாற்றும் நல்ல பாக்டீரியா அதில் படியும். பின் அதைப் புதுத் தொட்டிக்கு மாற்றினால், அடிக்கடி தண்ணீர் மாற்றும் வேலை குறையும்.

பை நீரைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. மீன்களை 21 நாட்கள் கவனிக்கவும். நோய் கண்டால், குணமான நாளிலிருந்து மீண்டும் 21 நாட்கள் எண்ணவும். வலை, வாளி தனியே இருக்கட்டும். இத்தொட்டி வேலையைக் கடைசியில் செய்து, கைகளைக் கழுவவும்.