பழைய மோட்டார்ச் சைக்கிளின் எஞ்சின் தேய்வை அறிதல்

நெடுங்காலம் உழைத்த எஞ்சினைப் பிரித்துப் புதுக்குவதா, அன்றி அவ்வாறே ஓடவிடுவதா என்னும் வினா பழைய மோட்டார்ச் சைக்கிள் வைத்திருப்போர் யாவர்க்கும் ஒருநாள் எழுவதாகும். விடை பிழைப்பின் இருவகையிலும் இழப்புண்டு. காலம் தாழ்த்தினால் எஞ்சின் உடைந்துபோகலாம். தேவையின்றிக் கடைந்தால் அதன் ஆயுள் குறையும்.

இங்கிலாந்தில் கொவென்றி நகருக்கு அண்மையிலுள்ள மெரிடனில் ட்ரையம்ப் தொழிற்சாலை செய்த பொனவில் ரி120 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1959ஆம் ஆண்டுக்குரிய மாதிரியாக அறிமுகமான அவ்வண்டியில் இரண்டு சிலிண்டர்கள் அருகருகே அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் உள்விட்டம் 71 மில்லிமீற்றர். பிஸ்டன் ஓடும் தூரம் 82 மில்லிமீற்றர். மொத்தக் கொள்ளளவு 649 கன சென்ரிமீற்றர்.

முதலிற் கவனிக்கத்தக்கது புகை. கரும்புகை பெற்றோல் மிகுதியைக் காட்டும். அது தேய்வின் குறியன்று. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். வண்டி பாரமேற்று விரையும்போது அது இடையறாது வருமாயின் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் தேய்ந்தனவென ஐயுறலாம். விசையை மூடி இறக்கத்தில் ஓடியபின் மீளத் திறக்கும்போது மட்டும் வருமாயின் வால்வு வழிகாட்டிகளை நோக்கவேண்டும். பலநாள் நின்ற வண்டி புறப்படும்போது புகைத்துச் சிறிது நேரத்தில் ஓய்வதும் உண்டு. எண்ணெய் தனித்தாங்கியில் இருப்பதால், பம்பின் குண்டு வால்வு சற்றே கசியினும் எண்ணெய் கீழிறங்கி எஞ்சினின் அடியறையில் தேங்கும். இதனைத் தேய்வென மயங்கிச் சிலிண்டரைக் கழற்றுதல் வீண்வேலை.

அடுத்தது ஒலி. குளிர்ந்த நிலையில் தட்டிச் சூடேறியதும் அடங்கும் ஒலி பிஸ்டனுக்குரியது. அது பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. பாரமேற்றபோது ஆழ்ந்து எழும் தட்டொலி இணைப்புத் தண்டின் கீழ்ப் பேரிங்கினது. அதனைக் கேட்டபின் வண்டியை ஓட்டுதல் ஆகாது.

மூன்றாவது அமுக்கச் சோதனை. எஞ்சின் சூடாயிருக்கையில் இரு பிளக்குகளையும் கழற்றி, விசையை முழுதும் திறந்து, அமுக்கமானியைப் பொருத்திப் பலமுறை உதைத்து அளத்தல் வேண்டும். இரண்டு சிலிண்டர்களின் அளவுகளையும் ஒப்பிட்டால் குறைந்தது எதுவெனத் தெரியும். பின்னர் அதனுள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீள அளக்கவேண்டும். அமுக்கம் உயருமாயின் குறை வளையங்களிலோ சிலிண்டரிலோ உள்ளது. உயராதாயின் பெரும்பாலும் வால்விலுள்ளது.

இவையெல்லாம் ஒருங்கே சுட்டிய பின்னரே பிரித்து அளத்தல் தகும். சிலிண்டரின் தேய்வு மேல்வளையம் திரும்பும் இடத்திலே மிகுதியாகவும் அடியிலே மிகக் குறைவாகவும் இருக்கும். அவ்விரண்டின் வேறுபாடே தேய்வின் அளவு. கடையும்போது அங்குலத்தின் ஆயிரத்திற் பத்து, இருபது என்னும் படிகளிற் பெருக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுவர். அப்படிகள் சிலவே. அவை முடிந்தால் உள்ளுறை இடுதலோ வேறு சிலிண்டர் தேடுதலோ வேண்டியதாகும். ஆகவே தேவையற்ற ஒவ்வொரு கடைசலும் பிற்காலத்துக்குரிய ஒரு படியை முன்கூட்டியே செலவழித்தலாகும்.

எனினும், புறக்குறி எதுவுமின்றி மறைந்திருக்கும் கேடும் ஒன்றுண்டு. இந்த எஞ்சினின் கிராங்குத் தண்டினுள்ளே ஒரு குழாய் உண்டு. தண்டு சுழலும் வேகத்தால் எண்ணெயிலுள்ள அழுக்கு வெளிநோக்கி வீசப்பட்டு அதனுட் படியும். எண்ணெய்த் தாங்கியிலுள்ள கம்பிவலை நுண்ணிய அழுக்கைத் தடுக்காததால், அக்குழாயே வடியாகப் பயன்படுகின்றது. ஆண்டுகள் பல சென்று அது நிரம்பினால் கீழ்ப் பேரிங்குகளுக்கு எண்ணெய் செல்லாது. புகையோ, ஒலியோ, அமுக்கமோ இதனை முன்னறிவிக்கா. தட்டொலி கேட்கும்போது பேரிங் கெட்டிருக்கும். சிலவேளை இணைப்புத் தண்டு முறிந்து எஞ்சினின் உறையையே பிளந்துவிடும்.

எனவே, பழைய எஞ்சினை மதிப்பிடுவோர் இரண்டு வினாக்களை வேறுவேறாக எழுப்புதல் வேண்டும். எது தேய்ந்துள்ளது என்பதற்குக் குறிகளும் அளவுகளும் விடை கூறும். உட்குழாய் இறுதியாக எப்போது துப்புரவு செய்யப்பட்டது என்பதற்கு வண்டியின் வரலாறே விடை கூறும். அவ்வரலாறு அறியப்படாதவிடத்து, எஞ்சின் இனிதாக ஓடினும் கிராங்குத் தண்டைத் திறந்து பார்த்தலே முறை. சிலிண்டரையோ, அளவு வேண்டினாலன்றிக் கடைதல் ஆகாது.