மாநிறத் தோலில் காயப் புனைவு: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

நடிப்பிற்காகவோ பயிற்சிக்காகவோ உடலின்மீது உருவாக்கப்படும் செயற்கைக் காயம் இக்கட்டுரையில் காயப் புனைவு எனச் சுட்டப்படுகிறது. திரைப்பட ஒப்பனையாளர் இதனைச் செய்வதை அனைவரும் அறிவர். மருத்துவ மாணவர்க்கும் மீட்புப் பணியாளர்க்கும் பயிற்சி அளிப்போர் இதனைச் செய்வது அவ்வளவாக அறியப்படவில்லை. கடலூர் மாவட்டத்தைப் பொறுத்தவரை இரண்டாவது பயன்பாடே இன்றியமையாதது. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 மே, ஜூலை மாதங்களில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் தீக்காயமுற்று உயிரிழந்தனர். 2021 மே மாதம் கடலூர் சிப்காட் வளாகத்து வேதித் தொழிற்சாலை ஒன்றிலும் உயிரிழப்பு நேர்ந்தது. அபாயகரமான வேதிப்பொருள்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள், தொழிற்சாலைக்கு வெளியே பரவும் விபத்தை எதிர்கொள்ளும் ஒத்திகையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடத்தப் பணிக்கின்றன. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் 1985இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசுக் கல்லூரியாக விளங்கும் நிறுவனம் உள்ளது. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தின்படி, நாட்டின் மருத்துவக் கல்லூரிகள் அனைத்தும் திறன் பயிற்சிக்கூடம் அமைத்தாக வேண்டும்.

ஒத்திகையிலும் பயிற்சிக்கூடத்திலும் காட்டப்படும் காயம் எந்தத் தோலைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பதே இங்கு எழும் வினா.

படுகளத்துக் குருதி

காயத்தைப் புனைவது இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. பழைய தென்னார்க்காட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில் படுகளத்தன்று துரியோதனனின் உருவம் மண்ணால் படுத்த நிலையில் அமைக்கப்படுகிறது. வீமன் வேடமிட்ட கூத்துக் கலைஞர் அதன் தொடையைத் தாக்க, உள்ளே வைக்கப்பட்ட செந்நீர் வெளிப்படுகிறது; அதனைக் கொண்டு திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படுகிறது. அல்ஃப் ஹில்டபெய்டல் இவ்வழிபாட்டை விரிவாக ஆவணப்படுத்தியுள்ளார். இங்கே குருதி ஒரு குறி. அது சிவப்பாக இருந்தால் போதும். எவ்வளவு நேரத்துக்கு முன் சிந்தியது என்று கூட்டத்தில் எவரும் கேட்பதில்லை. விழுப்புண், புறப்புண் என்ற பழஞ்சொற்களும் காயத்தை அதன் தோற்றத்தால் பிரிக்கவில்லை, அதன் பொருளால் பிரித்தன.

பயிற்சிக் காயம் இதற்கு நேர்மாறானது. ஆழம் எவ்வளவு, எதனால் நேர்ந்தது, எத்தனை நாளானது என்பவற்றைப் பார்வையாலேயே மாணவர் ஊகிக்க வேண்டும். படுகள மரபைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. ஆனால் தொண்டர் ஒருவரின் நெற்றிக் கட்டில் சிவப்புச் சாயம் தடவிவிட்டு அதனைப் பேரிடர் ஒத்திகை என்று அழைக்கும்போது, குறியைக் கொண்டு சான்றின் வேலையைச் செய்ய முயல்கிறோம்.

வெண்தோல் சான்றுகள்

பயிற்சிக்கான காயப் புனைவை உலகெங்கும் 'மூலாஜ்' என்பர். வார்ப்பு எனப் பொருள்படும் இப்பிரெஞ்சுச் சொல்லின் பின்னே ஒரு வரலாறு உண்டு. காகிதக்கூழால் பழ உருவங்கள் செய்துவந்த ஜூல் பாரெத்தா, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனையில் நோயாளிகளின் உடலிலிருந்தே அச்செடுத்து மெழுகு உருவங்களை வார்த்தார். அங்குள்ள அருங்காட்சியகத்தில் 4,800க்கு மேற்பட்ட மெழுகு உருவங்கள் உள்ளன. அச்சுக்கு உடல் தந்தோர் பெரும்பாலும் ஐரோப்பியர். பின்வந்த பாடநூல் நிழற்படங்களும் அவ்வழியே சென்றன. 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் வகுத்த தோல்வகைப் பகுப்பு வெண்தோலைத்தான் நான்காகப் பிரித்தது. பழுப்பும் கறுப்பும் பின்னரே சேர்ந்தன. இலண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழக மாணவர் மலோன் முக்வெண்டே, கருந்தோலில் நோய்க்குறிகள் எவ்வாறு தோன்றும் என்பதற்கு ஆசிரியர்களுடன் இணைந்து ஒரு கையேடு வெளியிட 2020 வரை ஆயிற்று.

மேல்தோலில் உள்ள மெலனின் ஒளியை உறிஞ்சுகிறது. அதற்குக் கீழே குருதி நாளங்கள் விரிவதால் உண்டாகும் சிவப்பு வெண்தோலில் பளிச்சென்று தெரியும். மாநிறத்தில் அது கரும்பழுப்பாகவோ ஊதா சாயலாகவோ ஒடுங்கிவிடுகிறது. எனவே கொப்புளம் எழாத மேலோட்டமான தீக்காயத்தைச் செந்நிறத்தால் பூசிக் காட்டினால், பார்ப்பவர் இல்லாத ஒன்றைத் தேடப் பழகுவார். கொப்புளம் உடைந்து மேல்தோல் உரிந்த இடமோ இதற்கு மாறாக இளஞ்சிவப்பாகவோ வெளுத்தோ தெரியும். சூழவுள்ள கருமையால், அதே ஆழமுள்ள காயம் வெண்தோலில் இருப்பதைவிட இங்கே கடுமையாகத் தோன்றக்கூடும். ஒருபுறம் குறைத்து மதிப்பிடவும் மறுபுறம் மிகைத்து மதிப்பிடவும் இடமுண்டு. மருத்துவமனை வாயிலில் யாரை முதலில் உள்ளே கொண்டுசெல்வது என்று முடிவெடுப்பவருக்கு இரண்டுமே இடர்.

இரத்தக்கட்டு இன்னும் சிக்கலானது. கசிந்த ஹீமோகுளோபின் சிதைந்து பச்சை நிறப் பிலிவெர்டினாகவும் மஞ்சள் நிறப் பிலிரூபினாகவும் மாறுவதால் நிறங்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. தடயவியல் பாடநூல்கள் இவ்வரிசைக்கு நாள்கணக்கே தருகின்றன. ஆனால் லாங்லோயிசும் கிரஷாமும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, மஞ்சள் தோன்றினால் காயம் 18 மணி நேரத்திற்கு முந்தையது என்பதை மட்டுமே உறுதியாகக் கூறலாம் என்று காட்டியது. மாநிறத்தில் இந்த மஞ்சளும் எளிதில் புலப்படுவதில்லை. ஒப்பனையாளர் வண்ணச் சக்கரத்தை வைத்துக்கொண்டு ஊதா, பச்சை, மஞ்சள் என்று வளையங்கள் இடுவது திரையில் அழகாக இருக்கும். மாணவருக்கு அது பொய்ச்சான்று. வீக்கத்தை அடியில் மேடாக்கிக் காட்டுவதும், தொட்டால் நடிப்பவர் வலியால் கையை இழுத்துக்கொள்ளப் பழக்குவதும் இங்கே நிறத்தைவிடப் பயன் தரும்.

மெலனின் குறைந்த இடங்கள் உதவும். குருதியிழப்பால் வெளுத்தலைக் காட்ட முகம் முழுதும் மாவு பூசுவது வெண்தோல் வழக்கம். மாநிறத்தவரிடம் கீழிமையின் உட்புறம், உதட்டின் உட்புறம், உள்ளங்கை, நகக்கண் ஆகியவற்றையே மருத்துவர் பார்க்கிறார்; ஒப்பனையும் முடிந்தவரை அங்கேதான் அமைய வேண்டும். வேதிப்பொருள் காயங்களில் நிறம் வேறு விதியைப் பின்பற்றும். நைட்ரிக் அமிலம் தோலின் புரதத்தோடு வினைபுரிந்து மஞ்சளாக்கும். அடர் கந்தக அமிலம் கரியச்செய்யும்.

இரண்டு புள்ளிகள்

சிதம்பரத்தைச் சூழ்ந்த நெல்வயல்களில் பாம்புக்கடி அன்றாட அச்சம். திரைப்படம் அதற்கென ஒரு வாய்பாட்டை நிலைநாட்டியிருக்கிறது: காலில் இரு புள்ளி, வாயில் நுரை, உடலெங்கும் நீலம். கண்ணாடி விரியன் கடித்த இடம் வீங்கும், கொப்புளிக்கும். ஈறிலும் கடிவாயிலும் குருதி நில்லாமல் கசியலாம். நல்லபாம்பின் கடியில் சூழவுள்ள திசு அழுகிக் கறுக்கலாம். கட்டுவிரியன் கடியிலோ பெரும்பாலும் தடமே இருக்காது, வீக்கமும் இராது. தரையில் உறங்கியவர் வயிற்றுவலியோடு எழுவார், இமைகள் தாழும், பேச்சுக் குழறும். இதனைப் புனைய வண்ணமே தேவையில்லை. இமைகளைத் தாழ்த்தி நடிக்கத் தெரிந்தவர் தேவை. தடமில்லாத கடியைப் பயிற்சியில் ஒருமுறையேனும் கண்டிராதவர், புள்ளிகளைத் தேடி நேரம் இழப்பார்.

பொருளும் சான்றும்

கருவிகளைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. கொலோடியன் தோலைச் சுருக்கித் தழும்பு காட்டும். ஜெலட்டின் மலிவானது, கிழிகாயத்தின் ஓரங்களை நன்கு காட்டும். ஆனால் கடலூரின் வெயிலிலும் வியர்வையிலும் இளகும். சிலிக்கோன் நிலைக்கும், விலை மிகுதி. அதில் வண்ணத்தை மேலே பூசாமல் உள்ளேயே அடுக்கடுக்காகக் கலக்க இயல்வதால் மாநிறத்தின் ஆழத்திற்கு அது பொருந்துகிறது. லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவரை முன்பே கேட்டறிய வேண்டும்.

மெய்யான இடர்ப்பாடு சான்றுப் படங்களில் உள்ளது. மாநிறத் தோலின் காயப் படங்கள் தேவை என்றவுடன் கைக்கெட்டுவன விபத்துக்குப்பின் கைபேசிகளில் சுற்றும் படங்களே. இறந்தவர்க்கும் துடித்தவர்க்கும் ஒப்புதல் கேட்கப்படாத படங்கள் அவை. எடுத்த நேரம், ஒளி, காயத்தின் வயது எதுவும் அவற்றில் தெரியாது. அறத்தால் தகாதவை என்பதோடு ஆய்வுச் சான்றாகவும் அவை பயனற்றவை. அடையாளம் தெரியக்கூடிய நோயாளியின் படத்தை இசைவின்றி வெளியிடலாகாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. சிறு காயங்களிலிருந்தே தொடங்கலாம். சிராய்ப்போடும் சுடுநீர்க் கொப்புளத்தோடும் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் எழுத்துவழி ஒப்புதல் பெற்று, அளவுகோலும் வண்ண அட்டையும் அருகில் வைத்து, ஒரே ஒளியில் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் எனப் படமெடுக்கலாம். முகம் படத்தில் விழத் தேவையில்லை. முன்கையும் முழங்காலும் போதும்.