உங்களுக்குத் தெரியுமா? குளத்தில் உங்கள் வாட்ச் தூரத்தை அளப்பதே இல்லை!

செம்பாக்கத்திலிருந்து தாம்பரம்–வேளச்சேரி சாலை வழியாகப் போனால், 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகத்தை எட்டலாம். அங்கே 50 மீட்டர் குளம். தண்ணீருக்குள் ஜிபிஎஸ் சிக்னல் எட்டாது என்பதால், ஸ்மார்ட் வாட்ச் வேறு வழியில் கணக்குப் போடுகிறது. சுவரை உதைத்துத் திரும்பும்போது கையசைவில் வரும் மாற்றத்தை அதனுள் இருக்கும் முடுக்கமானி உணர்கிறது. அப்படி எண்ணிய லேப்புகளை, நாம் பதிந்துவைத்த குளத்தின் நீளத்தால் பெருக்குகிறது, அவ்வளவுதான். அடுக்குமாடிக் குடியிருப்புக் குளத்துக்காக 25 என்று வைத்ததை மாற்ற மறந்தால், வேளச்சேரியில் 1,000 மீட்டர் நீந்தியவருக்கு 500தான் கணக்கில் ஏறும்.

பயிற்சிக்கு உண்மையில் உதவுவது ‘ஸ்வால்ஃப்’ எண். ஒரு லேப்புக்கு ஆன விநாடிகளையும் கைவீச்சுகளையும் கூட்ட வேண்டும்: 60 விநாடி, 45 வீச்சு என்றால் 105. நேரம் மாறாமல் எண் மட்டும் குறைந்தால், ஒவ்வொரு வீச்சும் உங்களைக் கூடுதல் தூரம் தள்ளுகிறது. உயரமும் கைநீளமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், நண்பரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவது வீண்.

கிக்போர்டைப் பிடித்துக் காலை மட்டும் அடித்தால்? கை அசையாததால் பல வாட்சுகள் அந்த லேப்புகளை எண்ணுவதில்லை. வாட்சில் ‘டிரில்’ பிரிவு இருந்தால், அவற்றை அதில் நாமேதான் பதிய வேண்டும்.