ஊட்டிக்கு ஒரு பெடல்... ஒரே நாள்ல!

ஊட்டின்னு சொன்னதும் உங்களுக்கு என்னங்க ஞாபகம் வரும்? போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன், வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட், பஸ்ஸின் கடைசி சீட்டில் தாளம் போட்டுக்கிட்டே போன காலேஜ் டூர்... அதானே? இதே மலையில் அதிகாலை இருட்டில் ஹெல்மெட், லைட் சகிதம் சைக்கிளில் ஏறி, பொழுது சாயறதுக்குள்ள அடிவாரத்துக்குத் திரும்புற ஒரு கூட்டம் இருக்கு. அவங்க எல்லாம் ஒலிம்பிக் வீரர்கள் இல்ல. ஐ.டி. கம்பெனி ஆசாமிகள், டாக்டர்கள், மளிகைக் கடை வச்சிருக்கிறவங்க, உங்களை மாதிரி ஸ்டூடன்ட்ஸ்!

‘நாமளும் போகலாமே... ஆனா யாரைக் கேட்கிறது? எங்கே சேர்றது?’ன்னு யோசிக்கிறீங்களா? வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்.

மூணு ரகம்... எது உங்க ரகம்?

சைக்கிளில் நீண்ட தூரம் போறதுல மூணு வகை உண்டு. முதல் வகை, ஞாயிற்றுக்கிழமை காலையில் உள்ளூர் சைக்கிள் குழுக்கள் போற ரைடு. 40, 60 கி.மீ. போயிட்டு, டிபன் சாப்பிட்டுட்டு வீடு திரும்புறது. பெரும்பாலும் காசு கிடையாது. கோவை, சென்னை போல பெரிய ஊர்களில் இப்படிக் குழுக்கள் நிறைய.

இரண்டாவது, பல நாள் டூர். இதில் நம்ம மலைக்கே ஒரு பெரிய பெயர் இருக்கு. ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’. பெங்களூரைச் சேர்ந்த ‘ரைட் எ சைக்கிள் ஃபவுண்டேஷன்’ 2008 டிசம்பரில் ஆரம்பிச்சது. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளான்னு மலையைச் சுத்தி நூத்துக்கணக்கான கி.மீ. போற பயணம். சாப்பாடு, தங்குமிடம், மெக்கானிக் எல்லாம் கூடவே வரும். ஆனா ஒரு வாரம் லீவும், பர்ஸில் கனமும் வேணும். செமஸ்டர் நடுவுல ஆகிற காரியமா?

மூணாவதுதான் நமக்கு! பேரு ‘பிரவே’. ஒரே நாள், 200 கி.மீ., பதிமூன்றரை மணி நேரம்.

ரேஸ் இல்லீங்க... ஆனா சவால்!

1897-ல் இத்தாலியில் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கி.மீ. தூரத்தை, சூரியன் உதிச்சு மறையறதுக்குள்ள சைக்கிளில் கடக்கக் கிளம்பினாங்க. அவங்களுக்குக் கிடைச்ச பட்டம் ‘ஆடாக்ஸ்’. லத்தீன் மொழியில் ‘துணிச்சல்காரர்’னு அர்த்தம். 1904-ல் பிரான்ஸில் பிறந்த ‘ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்’ இன்னைக்கும் உலகம் முழுக்க நடக்கிற பிரவேக்களுக்கு முத்திரை குத்துது. நம்ம நாட்டில் அதுக்கான அமைப்பு ‘ஆடாக்ஸ் இந்தியா’.

200 கி.மீ.க்கு பதிமூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி நேரம். இந்த நாலையும் ஒரே சீசனில் முடிச்சா, நீங்க ‘சூப்பர் ராண்டனியர்’. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பிரான்ஸில் நடக்கிற 1,200 கி.மீ. ‘பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ்’ பயணத்துக்கு இதுதான் நுழைவுச்சீட்டு. அடுத்தது 2027-ல்.

அழகான விஷயம் என்ன தெரியுமா? ஃபர்ஸ்ட், செகண்ட்னு ரேங்க் கிடையாது. 8 மணி நேரத்தில் முடிச்சவரும், 13 மணி 29 நிமிஷத்தில் மூச்சிரைக்க வந்தவரும் ஒண்ணுதான். அட்டெண்டன்ஸ் மாதிரி ஒரு கார்டு தருவாங்க. வழியில் சொன்ன இடங்களில் சீல் வாங்கணும். சீல் போட ஆள் இல்லாத இடத்தில் டீக்கடை பில்லோ ஏ.டி.எம். சீட்டோ சாட்சி. பின்னாடியே உதவி வண்டி வராது. பஞ்சர் ஆனா நீங்கதான் ஒட்டணும், பசிச்சா நீங்கதான் கடை தேடணும். அதுதான் இதோட கிக்கே!

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

கோவையில் கிளம்பி, மேட்டுப்பாளையம், குன்னூர் வழியா ஊட்டி. அங்கிருந்து கோத்தகிரி, மேட்டுப்பாளையம் வழியா மறுபடி கோவை. சுமார் 186 கி.மீ. வருது. கூட ஒரு 14 கி.மீ. சேர்த்தா 200.

கோவை - மேட்டுப்பாளையம் 36 கி.மீ. சமவெளி. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 1 மணி 50 நிமிஷம். அடுத்து மேட்டுப்பாளையம் - ஊட்டி 52 கி.மீ. இங்கதான் இருக்கு சமாச்சாரம்! மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். நம்ம மலை ரயிலே பல்சக்கரத்தைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஏறுது, கிட்டத்தட்ட 5 மணி நேரம் எடுத்துக்குது. நீங்க மணிக்கு 10 கி.மீ.ன்னு மிதிச்சா 5 மணி 10 நிமிஷம். ஆக, ரயிலுக்கும் உங்களுக்கும் ஒரு மல்லுக்கட்டு!

ஊட்டி - கோத்தகிரி 29 கி.மீ.க்கு 1 மணி 35 நிமிஷம். கோத்தகிரி - மேட்டுப்பாளையம் இறக்கம் 33 கி.மீ.க்கு 1 மணி 20 நிமிஷம். கோவைக்கு மறுபடி 1 மணி 50. மொத்தம் 11 மணி 45 நிமிஷம். மிச்ச 14 கி.மீ.க்கு முக்கால் மணி. கையில் மிஞ்சுறது ஒரே ஒரு மணி நேரம்! டீ, சாப்பாடு, பஞ்சர், செல்ஃபி, கால் பிடிப்பு எல்லாமே அதுக்குள்ள. இப்போ புரியுதா, ‘ரேஸ் இல்லை’ன்னு சொன்னாலும் ஏன் யாரும் டீக்கடை பெஞ்சில் சாய்ஞ்சு தூங்கறதில்லைன்னு?

அதனால, முதல் பிரவேயைச் சமவெளி ரூட்டில் முடிங்க. மலை இரண்டாவதா இருக்கட்டும்.

மலைக்கு ஒரு ரிகர்சல்

மலையை ருசி பார்க்கணும்னா ஊட்டி - குன்னூர் - கோத்தகிரி - ஊட்டி முக்கோணம் இருக்கு. சுமார் 70 கி.மீ. கேத்தி பள்ளத்தாக்கு, அருவங்காடு, வெலிங்டன்னு இறங்கி, குன்னூரிலிருந்து டீ எஸ்டேட் நடுவே கட்டபெட்டு வழியா கோத்தகிரி. திரும்பி ஏறினா ஊட்டி. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். இதை நிதானமா முடிச்சவங்களுக்கு மேட்டுப்பாளையம் ஏற்றத்தைப் பத்திப் பேசத் தகுதி உண்டு.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறுற கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிள்காரங்க மத்தியில் அது ஒரு பெரிய பேர். ஆனா ஆரம்பக்காரங்களுக்கு வேணாம். 2018-ல் அங்கே நடந்த கோர விபத்துக்கு அப்புறம், வெளியூர் வண்டிகள் அந்த வழியா இறங்கவே கட்டுப்பாடு வந்ததுன்னா பார்த்துக்கோங்க.

ஏற்றம் வலிக்கும்... இறக்கம்தான் கொல்லும்!

இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க. ஏறும்போது உயிர் போற மாதிரி இருக்கும், ஆனா போகாது. ஆபத்து எல்லாம் இறக்கத்துலதான். பிரேக்கை விடாம பிடிச்சுக்கிட்டே வந்தா, சாதாரண ரிம் பிரேக் சைக்கிளில் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, முன் பிரேக், பின் பிரேக்னு மாத்தி மாத்தி விட்டு விட்டுப் பிடிங்க. கேரட் லாரியை ஓவர்டேக் பண்ணி வீரத்தைக் காட்ட வேணாம் பாஸ்!

அப்புறம் யானை. கல்லாறு, பர்லியாறு, கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை... இதெல்லாம் அவங்க ஏரியா. பலாப்பழ சீசனில் ரோட்டுக்கே வருவாங்க. டீ எஸ்டேட்டில் காட்டெருமை நிக்கும். எதைப் பார்த்தாலும் தூரத்திலேயே நில்லுங்க, பஸ்ஸோ லாரியோ வந்தா அது பின்னாடி போங்க. காட்டுப் பகுதியை வெளிச்சத்தில் மட்டும் கடக்கிற மாதிரி நேரத்தைத் திட்டமிடுங்க.

எந்த மாசம் போகலாம்? மே மாசம் டூரிஸ்ட் வண்டிகள் வரிசை கட்டும். அக்டோபர், நவம்பரில் மண்சரிவு பயம். 2009 நவம்பர் மழையில் மட்டும் இந்த மலையில் 40 பேருக்கு மேல் இறந்தாங்க. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பெஸ்ட். என்ன, ஊட்டியில் உறைபனி கொட்டும். கையுறையும் காற்று புகாத ஜாக்கெட்டும் மறக்காதீங்க.

எங்கே தேடலாம்?

* ஆடாக்ஸ் இந்தியா இணையதளத்தில் ஊர் வாரியா, தேதி வாரியா பிரவே காலண்டர் இருக்கு. கோவை, சென்னை பேரைத் தேடுங்க.
* உங்க ஊரில் கியர் சைக்கிள் சர்வீஸ் பண்ற கடைக்குப் போங்க. ஞாயிறு ரைடு எங்கே கிளம்புதுன்னு மெக்கானிக் அண்ணாவுக்குத் தெரியாம இருக்காது.
* காலேஜில் பி.டி. சாரைக் கேளுங்க. குழு இல்லைன்னா, நாலு பேர் சேர்ந்தா அதுவே குழு!

பணம் கட்டறதுக்கு முன்னாடி கேளுங்க

* ரூட் எது, கடைசி நேரம் எது?
* உதவி வண்டி உண்டா, இல்லை நம்ம பாடு நம்மதா?
* காட்டு வழின்னா அனுமதி வாங்கியாச்சா?
* அவசரத்துக்கு யாருக்கு போன் பண்ணணும்?
* ஹெல்மெட் கட்டாயமா? ‘இல்லை’ன்னு பதில் வந்தா, அந்த ரைடுக்கு ஒரு கும்பிடு!

பையில் என்ன?

ஸ்பேர் டியூப் 2, பஞ்சர் கிட், பம்ப், முன்னும் பின்னும் லைட், ஒளிரும் மேல்சட்டை. கடலை மிட்டாய், வாழைப்பழம், உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணி. பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடணும், தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே குடிக்கணும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை, அதனால சொந்த பாட்டில் ரெண்டு அவசியம். குடிநீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கலாம்.

பிளஸ் ஒன்ல அரசாங்கம் கொடுத்த சைக்கிள் போதுமான்னு கேட்கிறீங்களா? சமவெளிப் பயிற்சிக்கு தாராளமா போதும். மலைக்கு மட்டும் கியர் சைக்கிள் வேணும். நண்பர்கிட்ட ஒரு நாள் கடன் கேளுங்க.

பாதியில் முடியலையா? இறங்கி பஸ் பிடிங்க. எந்த பிரவேயிலும் சிலர் பாதியில் நிறுத்துவாங்க, அதை யாரும் கேவலமா நினைக்கிறதில்லை. மலை எங்கேயும் ஓடிடாது. அதுல திரும்ப ஏற நீங்க முழுசா வீட்டுக்கு வரணும், அவ்வளவுதான்.

இந்த ஞாயிறு 40 கி.மீ., அடுத்த மாசம் 60, அதுக்கடுத்து 100. செயினுக்கு எண்ணெய் போட்டாச்சா? அலாரத்தை காலை 5 மணிக்கு வைங்க!