விலகிச் செல்லும் விமானங்கள்

கோட்டிற்கு நீளம் உண்டு, அகலம் இல்லை என்று வடிவ கணிதத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். விமானங்களுக்கென வானத்திலே வகுத்துள்ள பாதைகளின் நடுவிலும் அத்தகைய கோடு ஒன்று உண்டு. அதனை விட்டு அணுவளவும் பிசகாமல் செலுத்துபவரே சிறந்த விமானி என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் முழு உண்மையன்று என உணர்த்தியது ஒரு விபத்து.

2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், பிரேசில் நாட்டின் அமேசான் காட்டிற்கு மேலே, 37,000 அடி உயரத்தில், ஒரே பாதையில் இரு விமானங்கள் எதிரெதிராகப் பறந்தன. தரையிலும் விமானத்திலும் நேர்ந்த பிழைகளால் அவை ஒரே உயரத்தில் அமைந்துவிட்டன. சிறிய விமானத்தின் மறுமொழிக் கருவி இயங்காமையால், மோதலை எச்சரிக்கும் அமைப்பும் வாய் திறக்கவில்லை. அதன் சிறகு நுனி, எதிரே வந்த போயிங் விமானத்தின் சிறகை அறுத்தது. போயிங்கில் இருந்த 154 பேரும் மாண்டனர். சிறிய விமானம் தரையிறங்கியது. அதிலிருந்த எழுவரும் பிழைத்தனர்.

அந்தப் போயிங்கின் சிறகுகள் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஏறத்தாழ 35 மீட்டர்தான். பரந்த வானத்தில் அவ்வளவு சிறிய பொருள்கள் இரண்டு எவ்வாறு சந்தித்தன? இரண்டும் கோட்டினின்று வழுவாமல் வந்தன என்பதே விடை. விண்மீன்களையும் திசைகாட்டியையும் நம்பிப் பறந்த காலத்தில், விமானங்கள் பாதையிலிருந்து சில மைல்கள் விலகிவிடுவதுண்டு. அக்குறையே ஒரு வகையில் காவலாகவும் இருந்தது. இன்று செயற்கைக் கோள்களின் துணை அவற்றை நடுக்கோட்டிலேயே நிறுத்துகிறது. உயரத்தில் பிழை நேர்ந்தால், அத்துல்லியமே பகையாகிறது.

இதற்கு மாற்றாக, வட அட்லாந்திக் போன்ற பெருங்கடல் வான்வெளிகளில் ஒரு முறை வகுத்துள்ளனர். அங்கே விமானி நடுக்கோட்டிலும் செல்லலாம். கட்டுப்பாட்டாளரின் தனி அனுமதி இன்றியே வலப்புறமாக 2 கடல் மைல் வரை விலகியும் செல்லலாம். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். இடப்புறம் விலகுதல் கூடாது. எதிரெதிரே வரும் இருவரும் தத்தம் வலப்புறம் ஒதுங்கினால், இடைவெளி பெருகும் அன்றோ? மேலே செல்லும் பெரிய விமானத்தின் சிறகுகள் கிளப்பும் காற்றுச் சுழல் கீழே இறங்கித் தாக்காமல் தப்பவும் இம்முறை உதவுகிறது.

ரேடார் கண்காணிக்கும் நெருக்கமான வான்வெளியிலோ, அனுமதியின்றி இவ்வாறு விலகலாகாது. விலகுதலுக்கும் திசை உண்டு, எல்லை உண்டு, இடம் உண்டு. தான்தோன்றித்தனம் வேறு, விதிக்கு உட்பட்ட விலகல் வேறு.

மனிதன் பிழை செய்பவன்; கருவியும் ஒருநாள் பழுதாகும். பிழையே நேராது என்று நம்பியிருப்பதைவிட, நேர்ந்த பின்னும் உயிர் தப்ப இடம் வைப்பதே அறிவுடைமை என்பேன். இளைஞர்களே, நாளை நீங்கள் பாலமோ, இயந்திரமோ, எதை அமைத்தாலும், அந்தச் சிறிய இடத்தை மறவாதீர்கள்.