அலங்கார மீன்களின் செட்டைச் சிதைவு: அறியும் முறையும் மாற்றும் முறையும்

பதுளைப் பகுதியில் மரக்கறித் தோட்டங்களின் ஓரத்திலும் தேயிலைத் தோட்ட லயன்களின் முற்றத்திலும் சீமெந்துத் தொட்டி கட்டிப் பொன்மீன், கப்பி முதலிய அலங்கார மீன்களை வளர்ப்போர் உளர். இலங்கையிலிருந்து பிறநாடுகளுக்கு அனுப்பப்படும் அலங்கார மீன்களுள் கப்பியே முதன்மையானது. அம்மீனின் விலை அதன் வாலிலேயே இருக்கின்றது. வால் கிழிந்த கப்பியை வாங்குவார் இலர். ஆகவே செட்டையில் தோன்றும் சிதைவைக் காலத்தில் அறிந்து மாற்றாவிடின், மீனும் அதற்கென இட்ட முதலும் ஒருங்கே அழியும்.

நோயுற்ற மீனைக் கண்டவுடன் கடைக்குச் சென்று ஏதேனும் ஒரு மருந்தை வாங்கித் தொட்டியில் ஊற்றுவது பலரது வழக்கம். இது முறையன்று. முதலிற் செட்டையின் ஓரத்தை நன்கு நோக்குதல் வேண்டும். கமக்காரருக்கு இது புதியதன்று. நெல்லில் உண்டாகும் பக்றீரியா இலை வெளிறல் நோய், காற்றினாற் காயமுற்ற இலையின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி உள்நோக்கிப் பரவுவதை அவர் அறிவர். மீனின் செட்டை அழுகலும் பெரும்பாலும் அவ்வாறே காயத்தின் வழியாகப் புகுந்து, ஓரத்திலிருந்து அடிநோக்கிச் செல்வதாகும்.

செட்டை நேராகப் பிளந்தோ துண்டாகக் குறைந்தோ இருந்து, ஓரம் தெளிவாகவும் நிறம் மாறாமலும் இருப்பின் அது நோயன்று. கடியினாலோ கூரிய கல்லினாலோ ஏற்பட்ட காயம். புலிக்கோடுள்ள பார்ப் மீன்கள் நீண்ட வாலுடைய மீன்களைக் கொத்துவதில் வல்லவை. சந்தேகமிருப்பின் கால்மணி நேரம் தொட்டியருகே அமைதியாக இருந்து பார்த்தால் குற்றவாளி எது என்பது புலனாகும். அதனை வேறாக்கினாற் போதும். தூய நீரிற் காயம் தானே ஆறும்.

ஓரம் பால்போல் வெளுத்து, நூல் நூலாகக் கிழிந்து, நாள்தோறும் குறைந்து வருமாயின் அது அழுகல் நோய். செட்டையின் அடியிற் சிவப்பு நிறம் தோன்றுவது நோய் முற்றியதற்கு அடையாளம். பஞ்சுபோன்ற வெண்படலம் காணப்படின், பழுதுற்ற இடத்திற் பூஞ்சணமும் பற்றியுள்ளது எனக் கொள்ளலாம். ஆயினும் வாயருகே பஞ்சுபோல் தோன்றுவது சில வேளைகளிற் பக்றீரியாவினாலும் உண்டாகும். பொன்மீனின் செட்டையடியிற் சிறு குச்சிபோல் ஏதேனும் நீட்டிக்கொண்டிருந்தால் அது நங்கூரப்புழு எனப்படும் ஒட்டுண்ணி. தொட்டியிலுள்ள மீன்கள் யாவும் ஒருமிக்கச் செட்டையைச் சுருக்கிக்கொண்டு நீர்மட்டத்தில் வாய் திறந்து நின்றால் நீரே கெட்டிருக்கின்றது எனத் துணியலாம்.

உண்மையில், அழுகல் நோய்க்கும் பெரும்பாலும் நீரே மூலகாரணம். நோயை உண்டாக்கும் பக்றீரியாக்கள் எந்தத் தொட்டியிலும் இருப்பவை. நலமுள்ள மீனை அவை எளிதில் வெல்லா. மிச்சச் சோறும் பாணும் அடியிற் கிடந்து அழுகும்போதும், மீன்கள் நெருக்கமாக இருக்கும்போதும் அமோனியா பெருகிச் செட்டையையும் செவுளையும் எரிக்கும். புதிய சீமெந்துத் தொட்டியின் சுண்ணக்காரமும் அவ்வாறே தீங்கு செய்யும். அத்தகைய தொட்டியில் வாழைத்தண்டுத் துண்டுகளையிட்டு நீர் நிரப்பி, இரண்டு மூன்று வாரங்கள் பலமுறை நீரை மாற்றிய பின்பே மீன் விடுதல் நன்று.

குளிரும் ஒரு காரணம். பதுளை நகரிலும் பார்க்கப் பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளில் தை மாத இரவுகளில் தொட்டி நீர் மிகக் குளிர்ந்துவிடும். கப்பிக்கு 24 முதல் 28 பாகை செல்சியசு வரையான நீரே ஏற்றது. மேட்டுநிலத்தில் வெளித்தொட்டி வைத்திருப்போர் பொன்மீனை வளர்ப்பதே புத்தி.

சிகிச்சை நீரிலேயே தொடங்கவேண்டும். அடியிலுள்ள கழிவைக் குழாயால் உறிஞ்சி, நீரில் மூன்றில் ஒரு பங்கை அகற்றி, அதே வெப்பநிலையுள்ள நீரை ஊற்றுக. நகரக் குழாய்நீராயின் அகன்ற பாத்திரத்தில் ஓரிரவு திறந்து வைத்துக் குளோரீன் நீங்கிய பின் ஊற்றுக. வடிகட்டிப் பஞ்சு இருப்பின் அதனைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் வேண்டும். அதில் வாழும் பயனுள்ள பக்றீரியாக்களே அமோனியாவை மாற்றுகின்றன. ஓரிரு நாள் தீனியை நிறுத்துக. மீன் பட்டினியால் இறந்துவிடும் என அஞ்சவேண்டியதில்லை.

நோயுற்ற மீனை வேறு வாளிக்கு மாற்றுக. 10 லீற்றர் நீருக்கு 20 கிராம் கறியுப்பு, அதாவது மட்டமாக வெட்டிய மூன்று தேக்கரண்டிக்குச் சற்று மேல், கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். நாள்தோறும் அரைப்பங்கு நீரை மாற்றி, மாற்றும் நீரிலும் அதே விகிதத்தில் உப்பிடுக. இதனை ஒரு வாரம் செய்து வருக. நீர்ச்செடியுள்ள தொட்டியில் உப்பிட்டாற் செடி பட்டுப்போகும். பயன்படுத்திய உப்புநீரை மரக்கறிப் பாத்திகளில் ஊற்றலாகாது. உப்பினாற் குணமாகாது, சிவப்பு உடலை நோக்கிப் பரவுமாயின் அரசாங்கக் கால்நடை வைத்தியரின் ஆலோசனையின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை இடவேண்டாம். அரைகுறை அளவில் இட்டால் நோயணுக்கள் மருந்துக்கு அடங்காதனவாக மாறும்.

பூஞ்சணம் என்றதும் தக்காளிக்கும் உருளைக்கிழங்கிற்கும் தெளிக்கும் பூஞ்சணக்கொல்லியைத் தொட்டியில் இட நினைப்பார்க்கு ஓர் எச்சரிக்கை: செம்பு கலந்த அம்மருந்து மீனைக் கொல்லும். பைரித்ரொயிட்டு வகைப் பூச்சிகொல்லிகள் மிகச் சிறிய அளவிலும் மீனுக்கு நஞ்சாகும். தெளிகருவியைத் தொட்டியருகே கழுவுவதும், மருந்து தெளித்த கையைத் தொட்டியினுள் இடுவதும் கூடா. மழைக்காலத்தில் மேலேயுள்ள பாத்திகளிலிருந்து கோழியெருவும் மருந்தும் கலந்து ஓடிவரும் வாய்க்கால் நீரையும் தொட்டிக்கு விடலாகாது.

இறந்த மீனை வாய்க்காலில் எறியாமற் புதைத்துவிடுக. 1987ஆம், 1988ஆம் ஆண்டுகளில் இலங்கையின் நன்னீர் மீன்களிடையே புண்நோய் பரவியதை முதியோர் நினைவுகூரக்கூடும். தொட்டி நோய் வயல் நீரை அடைவது எளிது.

குணமாகும் செட்டையின் ஓரத்தில் ஏழெட்டு நாளில் மெல்லிய கண்ணாடிபோன்ற தோல் வளரும். இது புதிய வளர்ச்சி. அழுகலின் வெண்மை பால்போல் மங்கலானது. இதுவோ ஊடுருவித் தெரிவது. இதனை நோயென மயங்கி மீண்டும் மருந்திடவேண்டாம். சூடான நீரில் வளர்ச்சி விரையும். பண்டாரவளைக் குளிரில் தாமதிக்கும். செட்டை அடிவரை அழுகிப்போயிருந்தால் மட்டும் அது மீண்டும் முளைப்பது அரிது.