எந்திரம் இருக்கும் இடம்

வானிலே செல்லும் பயணிகள் விமானத்தை அண்ணாந்து நோக்கும் நாம் அதன் எந்திரங்கள் எங்கே பொருத்தப்பட்டுள்ளன என்பதைக் கவனிப்பதில்லை. விமானிக்கோ அது அறிந்தேயாக வேண்டிய செய்தி.

பெரும்பாலான விமானங்களில் எந்திரங்கள் இறக்கைகளின் கீழே தொங்குகின்றன. அவற்றின் உந்துவிசை விமானத்தின் புவியீர்ப்பு மையத்துக்குக் கீழாகச் செயற்படுகின்றது. ஆதலால் விசையைக் கூட்டினால் விமானத்தின் மூக்கு உயரும், குறைத்தால் தாழும். ஒரு பக்கத்து எந்திரம் நின்றுவிட்டாலோ, ஒருபுறம் மட்டும் துடுப்பு வலித்த தோணிபோல் விமானம் திரும்ப முயலும். விமானி காலால் மிதித்து வாற்சுக்கானைத் திருப்பி அதனை நேர்ப்படுத்துவார்.

இத்தொல்லையைக் குறைக்க எந்திரங்களைப் பின்னுடலின் இருமருங்கிலும் பொருத்தும் முறை தோன்றிற்று. பிரான்சு நாட்டின் கரவெல் விமானம் 1959 இல் அவ்வாறே சேவைக்கு வந்தது. எந்திரங்கள் நடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் ஒன்று நின்றாலும் திருப்பம் சிறிதே. ஆனால், பின்னர் வந்த இவ்வகை விமானங்கள் பலவற்றில் கிடைவாலைச் செங்குத்து வாலின் உச்சியில் வைக்க நேர்ந்தது. 1963 அக்டோபர் 22 இல் இங்கிலாந்தில் பி.ஏ.சி. 1-11 விமானம் பரீட்சார்த்தமாகப் பறந்தபோது, மூக்கு மிக உயர்ந்து, இறக்கைகளின் பின்னே கலங்கிய காற்று அவ்வாலை மூடியது. மூக்கைத் தாழ்த்தும் ஆற்றலை வால் இழந்தது. எழுவர் மாண்டனர். அதன்பின் ஆபத்துக்கு முன்னரே விமானியை எச்சரித்து மூக்கைத் தாழ்த்தும் கருவிகள் இவ்வகை விமானங்களில் இடம்பெற்றன.

நம் காலத்துப் பாடம் இன்னும் கொடியது. போயிங் 737 நிலத்துக்கு அண்மையாக அமைந்த விமானம். அதன் மக்ஸ் வகைக்குப் பெரிய எந்திரங்களைப் பூட்டியபோது, அவற்றை முன்னே தள்ளியும் சற்று உயர்த்தியும் வைத்தனர். மூக்கு உயர்ந்த நிலையில் எந்திரக் கூடுகளே அதனை மேலும் உயர்த்த முற்பட்டன. அதனை ஈடுசெய்யத் தானியங்கி ஏற்பாடு ஒன்று சேர்க்கப்பட்டது. விமானிகளுக்கோ அது தெரிவிக்கப்படவில்லை. 2018 அக்டோபர் 29 இல் இந்தோனேசியாவில், ஒரேயொரு அளவுகருவியின் பிழையான செய்தியை நம்பி அது மூக்கை மீண்டும் மீண்டும் தாழ்த்தியது. காரணம் அறியாத விமானிகள் இறுதிவரை போராடினர். 2019 மார்ச் 10 இல் எதியோப்பியாவிலும் அத்தகைய விபத்தே நிகழ்ந்தது. இரண்டிலுமாக 346 பேர் இறந்தனர்.

நேயர்களே, எந்திரத்தை எங்கே வைத்தாலும் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. குறையைக் கருவியால் ஈடுசெய்வது தவறன்று. அதனை இயக்குபவர் அறியாமல் மறைத்து வைப்பதே தவறு.